முதல் குடம்

தண்ணீர் வருகிற நாளில் அந்தத் தெருவில் சண்டை வராத விஷயம் ஒன்றே ஒன்றுதான். முதல் குடம் யாருக்கு என்பது. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டைதான். வரிசையில் கல்லை வைத்தவள் யார், அந்தக் கல்லை நகர்த்தியவள் யார், விருந்தாளி வந்த வீட்டுக்குக் கூடுதலாக ஒரு குடம் உண்டா கிடையாதா... அம்மாடி, காது கொடுத்துக் கேட்க முடியாது! கோவில்பட்டியில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தத் தெருவின் வாய்க்கு ஊரே பயப்படும். ஆனால் முதல் குடம் மட்டும் பிள்ளை பெற்ற வீட்டுக்கு. அப்படி ஒரு வீடு இல்லாவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத தண்ணீர். யார் குடம் காலியாகத் திரும்பினாலும் அந்த வீட்டுக் குடம் காலியாகத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, அதை மீறினவள் கிடையாது.

தண்ணீர் என்றால் திருகினதும் கொட்டுகிற தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். அது எண்பத்து மூன்றாம் வருஷம். மழை ஏமாற்றி, கண்மாய் வறண்டு, கரிசல் மண் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஆற்றிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர் வாரம் ஒரு தரம் வந்தாலே அதிர்ஷ்டம். வந்தாலும் அந்த மேட்டுத் தெருவுக்கு ஏறாது. அதனால் தெருக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பளவுக்குக் குழி தோண்டி, மண்ணுக்குள் போகிற பைப்பை அங்கேயே அறுத்துவிட்டார்கள். ஒருத்தி குழிக்குள் இறங்கிச் செம்பில் பிடித்துப் பிடித்து மேலே கொடுக்க வேண்டும், மேலே நிற்கிறவள் குடத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதிகாரிகள் ஒரு தடவை ஆள் விட்டுக் குழியை மூடினார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் ஆவுடைத்தாய் மண்வெட்டியை எடுத்துவிட்டாள். தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

தண்ணீர் நின்றதும் அந்தப் பைப்பு கொர்ரென்று ஒரு மூச்சு உள்ளே இழுக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. தீப்பெட்டி செய்கிற ஆபீஸிலிருந்து பொறுக்கி வந்த, பெட்டிமேல் ஒட்டுகிற லேபிளைப் பைப்பின் வாயில் பிடிப்பார்கள், லேபிள் பட்டென்று உள்ளே போய்விடும். கைதட்டிச் சிரிப்பார்கள். குழியில் தேங்கின தண்ணீரும் கூடவே போகும். குடம் கழுவின தண்ணீர், வாறுகால் பக்கத்திலிருந்து மண் வெடிப்பு வழியே கசிந்து வந்த சாக்கடை, எல்லாம்தான். அது எங்கே போகிறது என்று அந்தத் தெருவில் ஒருத்தியாவது கேட்டிருப்பாளா? குழி வற்றினால் நல்லதுதானே என்று இருந்துவிட்டார்கள்.

அந்தத் தெருவில்தான் வெள்ளைத்தாய் குடியிருந்தாள். புருஷன் சோலைச்சாமி நூல்மில்லில் வேலை. அவள் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. பெரியாஸ்பத்திரியில் பெற்று, தண்ணீர் வந்த அன்றைக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெண் பிள்ளை.

பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டும். நல்ல குணமுள்ள ஒருத்தி இனிப்புத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால், வைத்தவள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். யார் வைப்பது என்று யோசிக்கவே இல்லை. எதிர்வீட்டுச் சந்தனமேரிதான். கடலைமிட்டாய்ப் பட்டறையில் வேலை பார்க்கிறவள். நான்கு பிள்ளை பெற்று நான்கும் குத்துக்கல் மாதிரி இருந்தன. அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டது கிடையாது. அந்தத் தெருவில் அப்படி ஒரு பிறவி!

"எங்கொணம் வந்துச்சின்னா மாமியா வீட்டுல ரெண்டு நா தாங்கமாட்டா. மேரி கொணமே வரட்டும்" என்று ஆவுடைத்தாயே சொன்னாள்.

முதல் குடம் வந்தது. மேரியே இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள். சேனைக்குப் பச்சைத் தண்ணீர்தான் எடுப்பார்கள், காய்ச்சினது ஆகாது. துணியில் வடிகட்டும்போது, கிளிப் படம் போட்ட லேபிள் ஒன்று மாட்டிக்கொண்டது. மேரி அதை இரண்டு விரலால் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தியாட்டி வெள்ளைத்தாயி, ஒம்மவளுக்கு இப்பமே தீப்பெட்டி ஆபீஸ்லருந்து ஆளு விட்டுட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைத்தாய் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். கருப்பட்டியைக் கரைத்து மேரி அதே விரலால் தொட்டு வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது.

மறுநாள் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தெருவில் இன்னும் சிலருக்கும் போனது. அவர்கள் பெரிய ஆட்கள், மோரும் கஞ்சியும் குடித்து எழுந்துவிட்டார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஊசியெல்லாம் போட்டுப் பார்த்தும் தங்கவில்லை. சோலைச்சாமி துண்டில் சுற்றி எடுத்துவந்தான்.

வெள்ளைத்தாய் அழவில்லை. வந்த பெண்கள் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். "அழுதுரு தாயி, நெஞ்சுக்குள்ள வச்சுக்கிடாத" என்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, அதற்கு என்ன செய்வது? பால் கட்டிக்கொண்டு வலித்தது. பால் வற்றட்டும் என்று மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டார்கள். பூ வாடி விழுந்தது, பாலும் நின்றது. அத்தோடு உடம்பில் வலிக்க ஒன்றும் பாக்கி இல்லை. பசையைத் தொட்டு, தாளை மடித்து, பெட்டியை ஒட்டி, கூடையில் போட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். சுவரில் கிளி லேபிள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எறிய வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் சுகாதார ஆபீஸிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். தெருவே தீப்பெட்டி ஆபீஸுக்கும் மில்லுக்கும் போயிருந்த நேரம். கதவு திறந்திருந்தது இவள் வீடு மட்டும்தான். அவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இங்கன யாருக்கும் வயித்தால போச்சாம்மா?"

"போச்சு."

"சரியாயிட்டா?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று சொன்னால் இன்னும் கேட்பார். பதில் சொல்லத் தெம்பில்லை.

"இந்தக் குழிதாம்மா வினை. தண்ணி நின்னதும் பைப்பு உள்ள இழுக்குதுல்லா, அப்பம் குழியில கெடக்க அழுக்கையும் சேத்து இழுத்துரும். உள்ளயே கெடக்கும். அடுத்தவாட்டி தண்ணி விட்டா மொதல்ல வெளிய வாரது அதுதான். மேல தொட்டியில மருந்து போட்டுத்தான் விடுதோம், ஆனா இவ்வளவு அசிங்கத்துக்கு அது என்ன செய்யும்? மொத நாலஞ்சு குடத்தைக் கீழ ஊத்திருங்க. பொறவு பிடிச்சுக் காய்ச்சிக் குடிங்க. சின்னப் பிள்ளையளுக்கு அந்த மொதத் தண்ணி ஒரு சொட்டுப் படக் கூடாது. தெருவுல எல்லார்ட்டயும் நீங்களே சொல்லிருங்கம்மா. நான் இன்னொரு நாள் வாரேன்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களோ என்னவோ. நல்ல மனுஷர்தான். தான் என்ன சொல்லிவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வெள்ளைத்தாய் கையில் பசையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டு எந்த விரலில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். கோபம் வருகிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. மேரிமேல் எப்படி வரும்? பசை காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன.

சாயங்காலம் பட்டறை விட்டு மேரி வந்தாள். பிள்ளை போன நாளிலிருந்து தினமும் வருவாள். கஞ்சியோ ரசமோ கொண்டுவந்து, வெள்ளைத்தாய் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வெள்ளைத்தாய்க்கும் சேர்த்து அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் வெள்ளைத்தாய் வாயைத் திறந்தாள்.

"மேரியக்கா, இன்னைக்கு ஒரு ஆளு வந்தாரு..."

"யாரும் வரட்டும், நீ மொதல்ல குடி" என்று கஞ்சியை நீட்டினாள் மேரி. பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோயில்ல முட்டிபோட்டுக் கேட்டுட்டேம்ட்டி, எதுக்கு எடுத்தேரு அந்தப் பச்ச மண்ணைன்னு. ஒரு ஆறுதல்தான் எனக்கு. இந்த ஒலகத்துல அது ருசிச்ச ஒரே இனிப்பு எங்கையால வச்சதுதான். அது மட்டும் இல்லைன்னா நான் கிறுக்குப் பிடிச்சிப் போயிருப்பேன்."

வெள்ளைத்தாய் கஞ்சியைக் குடித்தாள்.

"யாரோ வந்தாருன்னியே?"

"ஒண்ணுமில்லக்கா."

சோலைச்சாமியிடம் சொன்னால் தெருவில் நின்று கத்துவான். வேறு யாரிடம் சொன்னாலும் அன்றைக்கே மேரி காதுக்குப் போய்விடும். முதல் தண்ணீர் ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியானால் அன்றைக்குச் சேனை வைத்தது எந்தத் தண்ணீர் என்று அடுத்த வார்த்தை தானாக வரும். மேரியை அது கொன்றுவிடும். சொல்லாமல் விட்டால்? ஆவுடைத்தாய் மகள் செண்பகவல்லி பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்று நடமாடிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளைக்குத்தான் அடுத்த முதல் குடம்.

தண்ணீர் வருகிற அன்றைக்கு வெள்ளைத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு குழிக்கு வந்தாள். பிள்ளை போன பிறகு அவள் வெளியே வந்தது அன்றுதான். பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள்.

"எத்தை, மொத குடம் எனக்கு" என்றாள்.

குழிக்குள் நின்ற ஆவுடைத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "செண்பகத்துக்குல்லா தாயி முறை?"

"நான் பிள்ளை பெத்து நாப்பது நா ஆகலை."

எப்படி இருக்கும் கேட்டவர்களுக்கு! பிள்ளையே இல்லை, பிள்ளை பெற்ற வீட்டு உரிமையைக் கேட்கிறாள். ஒருத்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் செம்பை மேலே கொடுத்தாள். வெள்ளைத்தாய் குடத்தை நிரப்பினாள், குலுக்கினாள், வாறுகாலில் கொட்டினாள். மறுபடியும் நிரப்பினாள், மறுபடியும் கொட்டினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத நீ?"

"குடம் நாறுது எத்தை. கழுவுதேன்."

அப்படியே நாலைந்து தடவை கழுவினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், அதையும் நம்பாமல் வீட்டுக்குப் பின்னாலிருந்த உடைமரத்தின் அடியில் ஊற்றிவிட்டாள். அதை யாரோ பார்த்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் தெரு பூராவும் அதே பேச்சு. காய்ந்து கிடக்கிற காலத்தில் முள்ளுமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளாம்! செண்பகவல்லி பிள்ளை நல்லபடியாக இருக்கக் கூடாது என்று மனசுக்குள் பொறாமையாம்!

"அப்படில்லாம் பேசாதீய மதினி. பெத்த வயிறு அது. என்ன செய்யுதோம்னு அவளுக்கே தெரியலை" என்று மேரிதான் அவளுக்காகப் பேசினாள்.

வெள்ளைத்தாய் காதிலும் அது விழுந்தது. கிறுக்கி என்றார்கள், பொறாமைக்காரி என்றார்கள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. பெட்டி ஒட்டினாள்.

அடுத்த தண்ணீருக்குள் செண்பகவல்லிக்கு ஆண் பிள்ளை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாயிற்று. ஆவுடைத்தாய் விடியற்காலமே குழிக்கரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு எவளாவது மொத குடம் கேட்டு வந்தா நடக்கிறதே வேற. எம்பேரனுக்குச் சேனை வைக்கணும். மேரி, நீதாம்ட்டி வைக்கணும். வா இங்கன."

மேரி தயங்கினாள். "எதுக்கு மதினி நானு? போனவாட்டி வச்சது தங்கலையே."

"அதுக்கு நீ என்ன செய்வ? அது தலையெழுத்து. ஒங்கொணம் எவளுக்கு இருக்கு?"

பைப்பு இருமியது. காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. ஆவுடைத்தாய் குழிக்குள் இறங்கிச் செம்பு செம்பாக ஊற்றிக் குடத்தை நிரப்பினாள். மேரி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துத் திரும்பினாள். எதிரே வெள்ளைத்தாய் நின்றாள்.

"குடத்தக் குடுக்கா."

"இன்னைக்கு வேண்டாம்ட்டி. பிள்ளைக்கில்லா? எம்பங்குத் தண்ணி பூராவும் நீ எடுத்துக்கோ. கொஞ்சம் வழிவிடு என் ராசாத்தி."

வெள்ளைத்தாய் மேரியின் முகத்தைப் பார்த்தாள். குடத்தின் வாயைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மறுபடி அந்த விரலா? குடத்தின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

குடம் தரையில் விழுந்து நெளிந்தது. தண்ணீர் அத்தனையும் கரிசல் வெடிப்பில் இறங்கிவிட்டது. ஆவுடைத்தாய் குழியிலிருந்து எப்படித்தான் ஏறினாளோ, வந்த வேகத்தில் வெள்ளைத்தாய் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"பாவி! ஒம்பிள்ளை போச்சுன்னா எம்பேரனும் போகணுமாட்டி?"

கன்னம் சுட்டது. வெள்ளைத்தாய் அப்படியே நின்றாள். பெண்கள் சுற்றிக்கொண்டு ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கத்தாமல் நின்றவள் மேரி ஒருத்திதான். அவள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டின தண்ணீர் பாதத்தில் கறுப்பாக வண்டலை விட்டுவிட்டுப் போயிருந்தது. வண்டலோடு ஒரு லேபிள். கிளிப் படம்.

மேரி அதை இரண்டு விரலால் எடுத்தாள். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு அந்த விரல்களையே பார்த்தாள்.

"ஏட்டி வெள்ளைத்தாயி" என்றாள். சத்தமே இல்லை. "அன்னைக்கு ஒரு ஆளு வந்தாருன்னு சொல்ல வந்தியே. என்ன சொன்னாரு அவரு?"

"ஒண்ணுஞ் சொல்லலைக்கா."

"தண்ணியப் பத்தியா?"

"ஒண்ணுஞ் சொல்லலை."

"எம்மேல ஆணையாச் சொல்லு."

"ஒண்ணுஞ் சொல்..."

அதற்கு மேல் வரவில்லை. இத்தனை நாளும் எங்கே கிடந்ததோ, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது. பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. மண்ணில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுதாள்.

மேரி அழவில்லை. லேபிளைக் கீழே போட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், தோல் சிவக்கிறவரை துடைத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைத்தாய் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். மேரி உருவிக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. அறை வாங்கிய கன்னத்தில் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள்.

"மதினி" என்றாள் மேரி, யாரையும் பார்க்காமல். "இந்தத் தண்ணியப் பிடிக்காதீய. ஓடட்டும்."

ஆவுடைத்தாய்க்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கீழே கிடந்த வண்டலைப் பார்த்தாள், லேபிளைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள். அவள் வீட்டுக்குள்ளிருந்து பேரன் அழுகிற சத்தம் கேட்டது. குழிக்குள் இறங்கினாள். செம்பில் பிடித்துப் பிடித்து வெளியே வாறுகாலில் கொட்டினாள். வரிசையில் நின்றவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் போனது.

"தெளிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் ஆவுடைத்தாய் குழிக்குள்ளிருந்து. "பிடிக்கட்டுமா மேரி?"

வெள்ளைத்தாய்தான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"இன்னுங் கொஞ்சம் போகட்டும் எத்தை."